ஓதப் போன பிள்ளைகள்

கடற்கோளுக்குப் பின் வந்த இரண்டாவது ஜும்ஆ அது. 2005 ஜனவரி 7. கல்முனைக் கரையோரத்தில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் எங்கள் குடும்பத்தவர் பலர் அகதிகளாகத் தங்கியிருந்தனர். ஐந்தாம் வகுப்பு அறையின் சீமெந்துத் தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்தபடி என் பெரியம்மாவின் மகள், நாங்கள் எல்லோரும் ராத்தா என்று அழைப்பவர், உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசல் பக்கத்து வளவில்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் குத்பா தெளிவாகக் கேட்டது. இந்தக் கடல் நமது பாவங்களுக்காக வந்த கடல் என்று கதீப் சொன்னார். தொலைக்காட்சி, வட்டி, பெண்களின் உடை, பள்ளிக்கு வராத வாலிபர் என்று நீண்ட பட்டியலொன்றை வாசித்தார். அவரும் அழுதுகொண்டுதான் பேசினார் என்பதை இங்கு நான் மறைக்கக் கூடாது. அவருடைய வீட்டிலும் மையித்து விழுந்திருந்தது.

நான் அன்று ஜும்ஆவுக்குப் போகவில்லை. காலில் தகரம் வெட்டிய காயம் பழுத்து, நடக்க முடியாமல் இருந்தேன். ராத்தா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எண்ட புள்ளைகள் ரெண்டும் ஓதத்தானே போன. ஓதப் போன புள்ளைகளுக்கு என்ன தண்டன தம்பி?"

டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலையில் எங்கள் பகுதிச் சிறுவர்கள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போவார்கள். ராத்தாவின் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மத்ரஸா கடற்கரை வீதியில் இருந்தது. மகனுடைய மையித்து மட்டுமே கிடைத்தது.

நான் ஆசிரியன். கொஞ்சம் எழுதுகிறவன். வாய்க்கு வந்த பதிலைச் சொன்னேன். "தண்டனை இல்ல ராத்தா, இது சோதனை. அல்லாஹ் தனக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பான்" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஆண்டு நடுப்பகுதியில் வெளிவந்த ஒரு நினைவு மலரில் நான் எழுதிய கவிதையிலே, கடலை இறைவனின் ஏவலாளாக ஆக்கி, அது எங்களுக்கு ஓதவந்த பாடமென்று எழுதியிருந்தேன். பலர் பாராட்டினர். ராத்தாவின் கேள்வியைக் கேட்ட பின்னரும் எனது கை அதை எப்படி எழுதியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தக் கவிதையின் மீதான திருத்தமாகவும் வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைய நாட்களில் நம்மவர் மத்தியில் பல பேச்சுகள் உலவின. களுத்துறைக் கடற்கரையிலிருந்து அலை பின்வாங்கும்போது எடுக்கப்பட்ட செய்மதிப் படமொன்றில் நுரைக்கோடுகள் அறபியில் அல்லாஹ் என்ற சொல்லாக அமைந்திருக்கின்றன என்று அந்தப் படத்தைப் பிரதி பண்ணிக் கைமாற்றினார்கள். ஆச்சேயின் தலைநகர் பந்தா ஆச்சேயில் பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசல் நிமிர்ந்து நின்றதையும், லம்புக் கிராமத்தில் ஏனைய கட்டடங்கள் யாவும் அழிய ஒரு பள்ளிவாசல் மாத்திரம் மிஞ்சியதையும் பேசினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நானும் கண்கலங்கியவன்தான். ஆனால் அதே வாரத்தில் தெற்கிலே, புத்தர் சிலைகள் அசையாமல் நின்றதைச் சிங்கள மக்கள் பேசிக்கொண்டிருந்தனர். தமிழ்நாட்டில் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்று கிறிஸ்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கோவிலைச் சுற்றியே நூற்றுக்கணக்கான யாத்திரிகர் மாண்டு போயிருந்தனர். தூண்களில் நின்று, கீழே திறந்த மண்டபமாக இருக்கும் கட்டடத்தினூடாகத் தண்ணீர் பாய்ந்து போய்விடும். செங்கல் வீடோ தண்ணீரை எதிர்த்து நின்று உடையும். பள்ளிவாசல் நின்றதற்கு நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் நின்ற பள்ளிவாசலை அத்தாட்சி என்றால், எங்கள் கரையில் இடிந்து போன மத்ரஸாவை என்னவென்று சொல்வது?

தண்டனை என்ற கருத்துக்குக் குர்ஆனில் ஆதாரமே இல்லை என்று வாதிடுவது நேர்மையான காரியமாகாது. நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தை வெள்ளமும், ஆது கூட்டத்தைக் காற்றும், ஸமூது கூட்டத்தைப் பேரிரைச்சலும் அழித்த வரலாறுகளை நாம் சிறுவயது முதல் ஓதி வருகிறோம். நமக்கு வரும் துன்பங்கள் நமது கரங்கள் சம்பாதித்தவை என்ற கருத்தும் சூரா அஷ்ஷூராவில் உண்டு. உமர் (ரழி) அவர்களது காலத்தில் மதீனாவில் நிலம் அதிர்ந்தபோது, நீங்கள் புதிதாக என்ன செய்துவிட்டீர்கள் என்று மக்களைப் பார்த்து அவர் கேட்டதாக ஓர் அறிவிப்பும் இருக்கிறது. கதீப்மார் இவற்றைக் கற்பனை பண்ணவில்லை.

ஆனால், அழிக்கப்பட்ட அந்தச் சமூகங்களின் கதைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதை நாம் கவனிப்பதில்லை. முதலில் ஒரு நபி வருகிறார். எச்சரிக்கிறார். காலம் கொடுக்கப்படுகிறது. பின்னர் நம்பிக்கை கொண்டவர்கள் பிரிக்கப்பட்டுக் காப்பாற்றப்படுகின்றனர். கப்பலில் ஏற்றப்படுகின்றனர், அல்லது இரவோடிரவாக ஊரைவிட்டு அனுப்பப்படுகின்றனர். அதன் பிறகே அழிவு. தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்று சூரா பனீ இஸ்ராயீல் கூறுகிறது. 2004 டிசம்பரில் கடல் யாரையும் பிரித்தெடுக்கவில்லை. தஹஜ்ஜுத் தொழுதுவிட்டுப் படுத்தவரையும், முந்திய இரவு சாராயம் குடித்தவரையும், தொட்டிலில் கிடந்த குழந்தையையும் ஒன்றாகவே கொண்டு போனது. மக்கள் சம்பாதித்தவற்றுக்காக அல்லாஹ் உடனுக்குடன் பிடிப்பதாயின் பூமியில் ஓர் உயிரும் எஞ்சாது என்ற கருத்தும் அதே குர்ஆனிலேயே, சூரா ஃபாதிரின் முடிவில் இருக்கின்றது. எங்கள் கதீப் அன்று அந்த வசனத்தை ஓதவில்லை.

உமர் (ரழி) அவர்களின் பேச்சிலும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் ஆட்சியாளர். தானும் குடியிருக்கும் ஊரைப் பார்த்து, தானும் பொறுப்பாளியாக நின்று கேட்ட கேள்வி அது. கருமேகமோ காற்றோ எழுந்தால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும், மழை பெய்யும் வரை உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். ஆதுக் கூட்டத்துக்கு வந்ததைப் போன்றதொன்றாக இருக்குமோ என்ற அச்சம். அந்த அச்சம் தன்னை நோக்கியது. இறந்துபோன இன்னொருவனின் மையித்தைக் காட்டி, இதோ இவனுக்குக் கிடைத்தது என்று சொன்னதில்லை. நம் மிம்பர்களில் நடந்தது இதற்கு நேரெதிர். உயிரோடிருந்தவர்கள், இறந்தவர்களை உதாரணமாக்கிப் பேசினோம்.

நபியவர்களின் மகன் இப்றாஹீம், பால்குடி மாறாத வயதில் இறந்தார். அன்றைய தினம் சூரியகிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது 632 ஜனவரி 27 ஆக இருக்கலாம் என்கின்றனர். நபியின் மகனுக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று மதீனாவில் மக்கள் பேசத் தொடங்கினர். இதைவிட ஆறுதலான பேச்சு ஒரு தகப்பனுக்கு வேறென்ன இருக்க முடியும்? மகனை அடக்கிவிட்டு வந்த மனிதர், கண்ணீர் காயாத நிலையில், எழுந்து அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் இருள்வதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள், அதைக் கண்டால் தொழுங்கள், பிரார்த்தியுங்கள், தர்மம் செய்யுங்கள் என்ற கருத்திலே பேசினார்கள். வானத்தில் நடப்பதை எங்கள் வீட்டு மரணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று இதற்குப் பொருள். நபியின் வீட்டு மரணத்துக்கே போடக்கூடாத முடிச்சை, நாங்கள் ராத்தாவின் வீட்டு மரணத்துக்குப் போட்டோம். ஒருவர் தண்டனை என்றார், நான் சோதனை என்றேன். இருவருமே வானத்தின் கணக்கேட்டை எட்டிப் பார்த்தவர்கள் போலத்தான் பேசினோம்.

சோதனை என்ற சொல் தவறானதல்ல. பயத்தாலும், பசியாலும், பொருளும் உயிரும் விளைச்சலும் குறைவதாலும் சோதிப்போம் என்ற கருத்தைச் சூரா அல்பகராவில் ஓதாதவர் நம்மில் யார்? ஆனால் அந்த வசனம் யாருடைய வாயில் வரவேண்டும் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. துன்பப்பட்டவர் தானே சொல்லும்போது அது ஸப்ர். துன்பப்படாதவன் அவரிடம் போய்ச் சொல்லும்போது அது வேறொன்று. எனது இரண்டு பிள்ளைகளும் உயிரோடிருந்தார்கள். அதோடு, தாயைச் சோதிப்பதற்காக ஆறு வயதுப் பிள்ளை மூழ்கடிக்கப்பட்டாளா என்ற அடுத்த கேள்வி அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது. நான் அதைக் காணவில்லை. ராத்தா கண்டிருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிய இந்தக் கேள்வி நம் இல்முல் கலாமில் மிகப் பழையது. இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ, தமது முஃதஸிலாக் கொள்கை ஆசானாகிய அல்ஜுப்பாயீயிடம் கேட்டதாகச் சொல்லப்படும் மூன்று சகோதரர்களின் கதை மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து இறந்தான். ஒருவன் நிராகரிப்பாளனாக இறந்தான். மூன்றாமவன் சிறுபிள்ளையாகவே இறந்தான். எனக்கும் ஆயுளைத் தந்திருந்தால் நானும் மூத்தவனைப் போல் நன்மை செய்து உயர்ந்த படித்தரத்தை அடைந்திருப்பேனே என்று சிறுவன் கேட்டால்? நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று தெரிந்தே உன் நன்மைக்காகச் சிறுவயதில் எடுத்தேன் என்று பதில் வரும் என்கிறார் ஆசான். அப்படியானால் நரகத்திலிருக்கும் இரண்டாமவன், என்னையும் சிறுவயதிலேயே ஏன் எடுக்கவில்லை என்று கேட்பானே என்றார் மாணவர். ஆசான் வாயடைத்துப் போனாராம். இந்தச் சம்பவம் இப்படியே நடந்ததா என்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். அது நமக்கு முக்கியமில்லை. இறைவனின் செயல்களுக்கு மனிதனின் நன்மைக் கணக்கைக் கொண்டு விளக்கம் சொல்லப் புறப்பட்டால், அந்தக் கணக்கு எங்கோ ஓரிடத்தில் ஒரு பிள்ளையின் மையித்தில் தடுக்கி விழும் என்பதே கதையின் சாரம். இலங்கை முஸ்லிம்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாக அகீதாவில் அஷ்அரீ வழியினர் என்று சொல்லி வந்தவர்கள். ஆனால் கடற்கோளின் போது எங்கள் மிம்பரும், என் கவிதையும் அல்ஜுப்பாயீயின் பக்கத்தில்தான் நின்றன.

சூரா கஹ்ஃபை நாம் வெள்ளி தோறும் ஓதுகிறோம். மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் கடற்கரையோரமாக நடந்து போகிறார்கள். கப்பலொன்று ஓட்டையாக்கப்படுகிறது. பிறகு ஒரு சிறுவன் கொல்லப்படுகிறான். மூஸாவுக்குப் பொறுக்கவில்லை. பாவமறியாத ஓர் உயிரையா கொன்றீர் என்று சத்தமிடுகிறார். இந்த இடத்தை நாம் வழக்கமாக மூஸாவின் அவசரத்துக்கு உதாரணமாகவே விளக்கி வருகிறோம். பொறுமையில்லாமல் கேட்டுவிட்டார், பின்னர் உண்மை தெரிந்தது என்று. நானும் வகுப்பறையில் அப்படித்தான் கற்பித்தேன். ராத்தாவின் கேள்விக்குப் பிறகு அந்தச் சூராவை என்னால் பழையபடி ஓத முடியவில்லை. பிள்ளை கொல்லப்பட்டதைக் கண்டு சத்தமிட்டவர் யார்? அல்லாஹ்வோடு பேசிய நபி. அவர் ஷரீஅத்தின் பக்கத்தில் நின்று பேசினார். கண்ணெதிரே பிள்ளை ஒன்று இறந்தால் மனிதன் செய்ய வேண்டியது அதுவே. ஹிழ்ருக்குத் தனியானதோர் அறிவு கொடுக்கப்பட்டிருந்தது. இதை என் விருப்பப்படி செய்யவில்லை என்று அவரே கடைசியில் சொல்லிவிடுகிறார். அந்த அறிவு மூஸாவுக்கே கொடுக்கப்படவில்லை. கல்முனைக் கரையில் நின்று பேசிய எங்களுக்கா கொடுக்கப்பட்டது? ஹிழ்ரின் இடத்தில் ஏறி நிற்பதற்கு எங்களுக்கு எந்த அனுமதியும் இல்லை. எங்கள் இடம் மூஸாவின் இடம். ராத்தா கேட்டது மூஸாவின் கேள்வி.

காரணம் சொல்வதிலிருந்து விலகினால் எஞ்சுவது என்ன, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். ஹிஜ்ரி 18 இல் உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் போகையில், ஸர்ஃ என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவிவிட்டது என்ற செய்தி கிடைத்தது. கலந்தாலோசித்துத் திரும்பிப் போக முடிவெடுத்தார். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர் என்று அபூஉபைதா (ரழி) கேட்டார். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் பதில் சொன்னார். ஒட்டகத்தைச் செழிப்பான பள்ளத்தாக்கில் மேய்த்தாலும் விதி, வறண்ட பள்ளத்தாக்கில் மேய்த்தாலும் விதி என்று மேய்ப்பனுடைய பாஷையில் விளக்கினார். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) வந்து எடுத்துச் சொன்னதும் உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். அபூஉபைதா தம் படையினரோடு தங்கி, அந்த நோயிலேயே மரணித்தார். இருவரில் எவரையும் நம் முன்னோர் குறைத்துப் பேசவில்லை.

அதே ஆண்டில் ஹிஜாஸில் பெரும் பஞ்சம். உமர் நெய்யும் இறைச்சியும் உண்பதை நிறுத்தினார், வெளியிலிருந்து தானியம் வரவழைத்தார், பசிக்குத் திருடியவனின் கையை வெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்தார். மழைக்காகத் தொழுதார். அவரது தொழுகையும் தானிய வண்டியும் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

புகாரி ஷரீஃபுக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ அவர்கள் கொள்ளைநோய் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தமது பெண்மக்கள் மூவரை அந்நோய்க்குப் பறிகொடுத்த தகப்பன் அவர். ஹிஜ்ரி 833 இல் கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானவர்கள் இறந்துகொண்டிருந்தனர் என்றும், மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, ஊருக்கு வெளியே திரளாகக் கூடிப் பிரார்த்தித்துத் திரும்பிய பின், மாதம் முடிவதற்குள் அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்றும் அவர் பதிவு செய்கிறார். ஒரு முஹத்திஸ் இதை மறைக்காமல் எழுதினார். அந்த நோயில் இறக்கும் முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டு என்ற ஹதீஸ்களையும் அதே நூலில்தான் அவர் விளக்குகிறார். மக்களை இழந்தவருக்கு ஆறுதலும் தேவை, எண்ணிக்கையும் தேவை.

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற நபிமொழி எங்கள் கரையில் உண்மையிலேயே வேலை செய்தது. பெக்கோ இயந்திரத்தால் குழி தோண்டி அடக்கிக்கொண்டிருந்தோம். குளிப்பாட்ட முடியாத நிலையில் மையித்துக்கள். கபன் துணி முடிந்து, கிடைத்த சேலையில் சுற்றினோம். யாருடைய மையித்து, முஸ்லிமா தமிழரா என்றே தெரியாதவையும் அவற்றில் இருந்தன. முறைப்படி செய்யவில்லையே என்று கதறியவர்களிடம் வயதான மௌலவி ஒருவர், இவர்கள் ஷஹீதுகள், மனதைப் போட்டு அலட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு மண்ணைத் தள்ளினார். ஏன் வந்தது என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் காலையில் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் ஆயிரம் கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்துக்குப் புவித்தட்டு உடைந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின்னரே அலை எங்கள் கரைக்கு வந்தது. இரண்டு மணித்தியாலம்! பிள்ளைகளை மத்ரஸாவிலிருந்து அழைத்துக்கொண்டு, நெல்வயல்களைத் தாண்டி நடந்தே போயிருக்கலாம். எவரும் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்துக்கென்று ஒரு முன்னெச்சரிக்கை முறை அப்போது இருக்கவில்லை. கடல் உள்வாங்கியபோது எங்கள் பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடினார்கள். அதே காலையில், நில அதிர்வின் மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமெலு தீவில், ஏறத்தாழ 78,000 பேரில் ஏழு பேரே இறந்ததாகப் பதிவு. அவர்களும் நம்மைப் போன்ற முஸ்லிம்கள்தாம். 1907 இல் அங்கு வந்த பேரலையை அவர்கள் ஸ்மொங் என்ற பெயரில் தாலாட்டிலும் கதையிலும் பேணி வந்திருக்கிறார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். ஓடினார்கள், பிழைத்தார்கள். அவர்கள் நம்மைவிட ஈமானில் கூடியவர்கள் என்று எந்தக் கதீபும் சொல்லமாட்டார். அவர்களிடம் ஞாபகம் இருந்தது.

ஆகவே, கரங்கள் சம்பாதித்தவை என்ற வசனத்தை நான் கைவிடவில்லை. அந்தக் கரங்கள் யாருடையவை என்று பார்க்கும் திசையை மாற்றிக்கொண்டேன். தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை உடைத்தெடுத்த இடங்களில் அலை கூடுதலாக உள்ளே வந்தது. மணல்மேட்டை வெட்டி விற்ற கரங்கள், கண்டலை அழித்த கரங்கள். வயலுக்கும் கடலுக்குமிடையிலான ஒடுங்கிய துண்டு நிலத்தில், தெருவுக்கு மேல் தெருவாக நம் சனம் நெருங்கிக் குடியிருக்க நேர்ந்ததன் பின்னாலும் காணிப் பிரச்சினை என்ற நீண்ட கதை உண்டு. இலங்கையில் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பின்னர் நடந்தவையும் வானத்திலிருந்து வந்தவையல்ல. 2005 ஜூன் மாதம் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் நிவாரணப் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையைக் கைச்சாத்திட்டபோது, முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகள், எந்த இனத்தவருக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கி, ஆட்கள் குடியேறாமல் ஆண்டுக்கணக்கில் பற்றை மண்டிக் கிடந்தன. அலை சில நிமிடங்களில் செய்ததை மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்தார்கள். இதைப் பற்றிக் குத்பாவில் ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டதை நான் கேட்டதில்லை.

விரலை நீட்டும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020 இல் கண்டோம். கொரோனா சீனாவில் பரவிய முதல் வாரங்களில், உய்குர் முஸ்லிம்களுக்குச் செய்த கொடுமைக்காக அல்லாஹ் அனுப்பிய படை இது என்று நம்மவர்களின் கைபேசிகளில் செய்திகள் பறந்தன. சில வாரங்களில் அந்தக் கிருமி நம் வீடுகளுக்கும் வந்தது. முஸ்லிம்கள்தான் பரப்புகிறார்கள் என்று இந்நாட்டிலே பேசப்பட்டது. 2020 மார்ச் இறுதியிலிருந்து, 2021 பெப்ரவரியில் அரசு தன் முடிவை மாற்றும் வரை, நம் மையித்துக்கள் எரிக்கப்பட்டன. இருபது நாள் குழந்தையொன்றும் அதில் அடக்கம். பின்னரே ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைத்தது. வூஹானில் இறந்தவர்களின் வீட்டாரும் யாரோ ஒருவனின் பாவக்கணக்கில் எழுதப்பட்டவர்கள்தானே என்று அப்போதாவது எங்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, மலையகத்தில் மண்சரிவும் கீழே வெள்ளமுமாக நூற்றுக்கணக்கானவர்கள் மாண்ட வாரத்தில், ஒரு குரற்பதிவு எனக்கும் வந்து சேர்ந்தது. குரல் வேறு, பட்டியல் பழையது. நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ராத்தா வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அலைக்குப் பின் பிறந்த மகன் கட்டாரில் இருக்கிறான். பதிவை நான் அவசரமாக நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. இருபது வருடமாகச் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ராத்தா, அண்டைக்கு ஸ்கூல்ல வெச்சு நான் சொன்ன கத..."

"அத விடு தம்பி" என்றார். "பள்ளியால கண்டிப் பக்கம் லொறி போகுதாமே, எத்தின மணிக்கு?"

அஸருக்குப் பிறகு என்றேன். கையிலிருந்த பையை என் மேசையில் வைத்தார். புதிதாக வாங்கிய சிறு பிள்ளைகளின் உடுப்புகள். உள்ளாடைகளும் இருந்தன, அளவுவாரியாக மடித்துக் கட்டியிருந்தார்.

"அரிசி, பருப்பு எல்லாரும் குடுப்பாங்க. எங்களுக்கு அண்டைக்கு லொறி லொறியா வந்திச்சு. சின்னப் புள்ளைகளுக்கு மாத்த ஒரு துண்டு வரல்ல. அந்த அறையில மிஞ்சின புள்ளைகள் மூணு நாள் ஈர உடுப்போட கிடந்த" என்று சொல்லிவிட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டுவதற்குக் கயிறு இருக்கிறதா என்று கேட்டார்.